கைப்பிடி வரட்டும், கேமரா வேண்டாம்

என் அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். இன்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. புனேயிலிருந்து நீ கத்தியது இங்கே தில்லி மயூர் விஹாரில் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "ஒண்ணு ஹால்ல கேமரா வைக்கணும், இல்ல வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடணும். நான் காசு குடுக்கறேன்னா நான் சொல்றதைக் கேக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்கும் பதிலுக்குக் கத்தத் தெரியும். ஆனால் கத்தினால் பாதிதான் சொல்ல முடியும், மீதி அழுகையில் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, நிதானமாகப் படி. ஹிந்தியில் எழுதலாம்தான், ஆனால் ஹிந்தியில் எனக்குக் கோபம் சரியாக வராது.

இதை நம் காலனித் தமிழர்கள் நடத்தும் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயர், அப்பா பெயர் எதுவும் இருக்காது. நம் வீட்டு பாத்ரூமை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று நீ கேட்பாய். நம் கட்டடத்தையே எடுத்துக்கொள். எத்தனை வீட்டில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், பெற்றவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கப் போகிறார்கள் என்று யோசித்துப் பார். எல்லா வீட்டிலும் இதே சண்டைதான் நடக்கிறது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ புனேயிலிருந்து பார்த்தது வேறு, நான் இந்த வீட்டுக்குள்ளிருந்து பார்த்தது வேறு. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நீதான் முதலில் வழுக்கினாய். எப்படியோ சமாளித்துக்கொண்டு வெளியே வந்து, தலையில் துண்டோடு நின்று, "இதுலயா நீங்க ரெண்டு பேரும் தினம் குளிக்கறீங்க?" என்று கேட்டாய். பண்டிகை முடிந்ததும் ஒரு மிஸ்திரியைக் கூட்டி வந்து அளவெடுக்க வைத்தாய். வழுக்காத டைல்ஸ், உயரமான கமோடு, சுவரில் ஸ்டீல் கைப்பிடிகள், காலைத் தடுக்கும் அந்த நிலைப்படியை இடிப்பது, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுவது என்று வரிசையாகச் சொன்னாய். உன் மாமியாருக்கு உங்கள் வீட்டில் இதெல்லாம் செய்து பழக்கம் உனக்கு. கதவை எதற்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு அன்று புரியவில்லை. கையில் காசு இருக்கிறது, இவள் இழுத்துவிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே முழுப் பணமும் அப்பா கணக்குக்கு வந்தது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் போனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கரண்ட் பில் கட்டக்கூட எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மனிதர், அன்று யார் உதவியும் கேட்காமல் அத்தனை பணத்தையும் உனக்கே திருப்பி அனுப்பினார். ஏன் என்று கேட்டேன். "கட்டிக்குடுத்த பொண்ணோட காசுல பாத்ரூம் கட்டிக்கிட்டாருன்னு நாலு பேரு சொல்லணுமா?" என்றார். "அந்த நாலு பேரும் நம்ம பாத்ரூமுக்குள்ள வர மாட்டாங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டுக்கு வந்தால், நீ எழுந்திருப்பதற்குள் பாலும் காய்கறியும் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிடுவார். கிளம்பும்போது பேத்தி கையில் நோட்டைத் திணிப்பார். மாமா தங்கின நாளுக்கு வாடகை கொடுக்கிறார் என்று மாப்பிள்ளை கேலி செய்வார், நாம் எல்லோரும் சிரிப்போம். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். தில்லிக்கு வந்து, மத்திய அரசில் கணக்குப் பிரிவில் தலை நரைத்து, ரிடையராகியும் அது அவரை விடவில்லை. சிரிக்க முடிந்தவரை சிரித்தோம். பாத்ரூம் விஷயத்தில் அது சிரிப்பாக இல்லை.

அவரிடம் பணமே இல்லையா என்று மாப்பிள்ளை ஒரு தடவை மெதுவாகக் கேட்டாராம். இருக்கிறது. வங்கியில் ஒரு டெபாசிட் இருக்கிறது. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. "அதைத் தொட்டா, நாளைக்கு ஐசியூவுல படுத்தா யார்கிட்ட போய் நிக்கறது?" என்பார். விழுந்து ஐசியூவுக்குப் போவதற்காகச் சேர்த்து வைத்த பணத்தை விழாமல் இருப்பதற்குச் செலவழிக்கக் கூடாதாம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதற்குப் பதில் அவர் என்ன செய்தார் தெரியுமா? பென்ஷன்காரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் எழுதிக் கேட்டார். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கினார், கடை கடையாக ஏறிக் கொட்டேஷன் வாங்கினார். கைப்பிடியும் கமோடும் மருத்துவச் சாதனம் என்பது அவர் வாதம். பாத்ரூம் மராமத்துக்கெல்லாம் இதில் வழியில்லை என்று அவர்கள் மரியாதையாக, சீக்கிரமாகவே பதில் சொல்லிவிட்டார்கள். இவர் விடவில்லை. தான் சரியாக விளக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். "அதுவரைக்கும் சொந்தக் காசுல ஒரு கைப்பிடியாவது போடுங்களேன்" என்றேன். "அனுமதி வர்றதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிச்சா பில் பாஸ் ஆகாது. நானே எத்தனை பேருக்குத் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்றார். வராத அனுமதிக்காக டிசம்பர் முழுவதும் காத்திருந்தோம்.

ஜனவரியில் ஒரு காலை. வெளியே பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. கீசர் தண்ணீரைப் பக்கெட்டில் விட்டுவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரப் போனேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். குழாயைப் பிடிக்கப் போன கை மணிக்கட்டில் மடங்கியது. இடுப்பு தரையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. நம் பாத்ரூம் அகலம் உனக்குத் தெரியும். என் முதுகு கதவில் முட்டிக்கொண்டிருந்தது, கால் எதிர்ச் சுவரில். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் கை கேட்கவில்லை. கூப்பிட்டேன். ஹாலில் அவர் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் மொள்ளும் மக்கை எடுத்துக் கதவில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் வந்தார். தாழ்ப்பாள் போடாமல்தான் குளிப்பேன், அதனால் கதவைத் தள்ளினார். நம் கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. தள்ளியதும் அது வந்து என் இடுப்பில் இடித்தது. "தள்ளாதீங்க, நான் இங்கதான் கெடக்கேன்!" என்று கத்தினேன். காது மந்தம், கேட்பதற்கு மாட்டும் மெஷினும் அப்போது காதில் இல்லை. மறுபடி தள்ளினார். மறுபடி கத்தினேன். இன்னும் பலமாகத் தள்ளினார். விழுந்ததில் உடையாத எலும்பு உன் அப்பா கையால் உடையப்போகிறது என்று நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, தள்ளுவதை நிறுத்திவிட்டார். தரையில் படுத்துவிட்டார் போல, கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் அவர் விரல் நுனிகள் தெரிந்தன. "என்னம்மா ஆச்சு? பேசு, பேசு" என்று அந்த இடுக்கு வழியாகக் கேட்டார். என் விரலை அவர் விரல் மேல் வைத்தேன். நான் பேசுவது கேட்கக் காதை அந்த இடுக்கோடு வைத்துக்கொண்டார்.

"கேட்ல காவலுக்கு இருக்கற கார்டு பையாவைக் கூப்பிடறேன். கதவை ஒடச்சிடலாம்" என்றார். "கூப்பிடாதீங்க. என் மேல துணி இல்ல." "அதெல்லாம் பாத்துக்கிட்டிருக்கற நேரமா இது?" "யாரையாவது கூப்பிட்டீங்கன்னா அப்புறம் உங்க மொகத்துலயே முழிக்க மாட்டேன்!" இதைச் சொன்னது நான்தான், பாப்பா. ஈரத் தரையில், எழுந்திருக்க முடியாமல், நடுங்கிக்கொண்டு கிடந்தபடி சொன்னேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டதற்கு உன் அப்பாவை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். அன்று நானும் அதே நாலு பேருக்குத்தான் பயந்தேன். அவர் கூப்பிடவில்லை. நான் ஒரு கையை ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தேன். ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு இடம் கிடைத்ததும் உள்ளே வந்து கம்பளியைப் போர்த்தினார். அவர் அழுதார். நான் அழவில்லை, எனக்குக் குளிர்தான் பெரிதாக இருந்தது.

எலும்பு உடையவில்லை, மணிக்கட்டில் சுளுக்கு, இடுப்பில் நீலம் பாரித்திருந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். சொன்னால் வீட்டை விற்கச் சொல்வாய் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் வீடியோ காலில், "கையை ஏம்மா ஷாலுக்குள்ள வெச்சிருக்க?" என்று முதல் கேள்வியே கேட்டுவிட்டாய். அன்று நீ அழுதது நியாயம். "உன் பேர்ல தனியா ஒரு அக்கவுண்ட் தொறந்துக்கோ, அப்பாவுக்குத் தெரிய வேணாம், அதுல போடறேன்" என்று சொன்னதும் நியாயம். எதிர் வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். பணமும் வந்தது. மிஸ்திரியிடம் பேசி நாளும் குறித்துவிட்டேன். அப்புறம் நேற்று கூரியரில் ஒரு பெட்டி வந்தது. கீரை வாங்கி வந்த பை போல அதை அலட்சியமாக மேஜையில் வைத்துத் திறந்தேன். கேமரா. அப்போதுதான் நீ போன் செய்தாய், நான் வேண்டாமென்றேன், நீ கத்தினாய்.

நீ வைத்த பிறகு அப்பா, "எந்தக் காசு? அவ என்ன காசு குடுத்தா?" என்று கேட்டார். மெஷின் இல்லாத காதுக்கு இது மட்டும் கேட்டுவிடும். இனி மறைக்க எதுவும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாம பொண்ணுகிட்ட கை நீட்டியிருக்க." "ஆமா, நீட்டியிருக்கேன். விழும்போது நீட்டின கைக்குப் புடிக்க ஒண்ணும் கெடைக்கல, அதான் அவகிட்ட நீட்டினேன்." "நான் செத்ததுக்கப்புறம் பண்ணிக்க." எனக்கும் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "புனேயில அவங்க பாத்ரூம்ல கைப்பிடியைப் புடிச்சிக்கிட்டு, என்ன வசதியா இருக்குன்னு சம்பந்திகிட்டயே சொன்னீங்களே. அதுவும் உங்க பொண்ணு சம்பாதிச்ச காசுதான். மாமியாருக்குப் போட்டா கடமை, பெத்தவளுக்குப் போட்டா அவமானமா?" என்றேன். "அந்தக் கைப்பிடியை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் நான் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன், நீ பிறக்கும்வரை. முதல் சம்பளத்தில் திருச்சிக்கு என் அப்பாவுக்கு மணியார்டர் அனுப்பினேன். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அனுப்பிய பணம் அப்படியே திரும்பி வந்தது, வாங்க மறுத்துவிட்டார் என்ற குறிப்போடு. தபால்காரர் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உன் அப்பாவிடம் சொன்னேன். "அவர் செஞ்சது சரிதான், நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்" என்றார். சொன்னபடியே இப்போது செய்துவிட்டார். அன்றிலிருந்து நான் பிறந்த வீட்டுக்குப் போனால் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருப்பேன். அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்க வாய் வராது. என் அப்பா அந்தப் பணத்தை வாங்கியிருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் துக்கமாக இருக்கிறது. நீ அனுப்பியது தீபாவளிக்குப் பிறகு திரும்பி வந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் உன் பணம் இனி திரும்பி வராது. அதில் ஒரு பைசாவுக்குக்கூட எனக்கு வெட்கமில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். பணத்தை எடுத்துக்கொள்கிறேன், உன் உத்தரவை எடுத்துக்கொள்ளவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கிக் கொடுத்தோம். அதற்காக உன் சமையலறையில் வந்து நின்று என்ன சமைக்கிறாய் என்று நான் எட்டிப் பார்த்தேனா? நீ பயத்தில் பேசுகிறாய் என்று தெரியும். அந்தக் கதவுக்குப் பின்னால் நான் கிடந்ததை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று சொன்னாய். எனக்கும் வரவில்லை. ஆனால் கேமரா இருந்தால் நான் விழாமல் இருப்பேனா? விழுவதைப் புனேயில் ஆபீஸில் உட்கார்ந்து பார்ப்பாய், அவ்வளவுதான். அதுவும் ஹாலில் வைக்கிற கேமராவுக்கு பாத்ரூமில் விழுவது எங்கே தெரியும்? ஹாலில்தான் நாங்கள் சண்டை போடுகிறோம், ஹாலில்தான் உன் அப்பா வேட்டி நழுவியது தெரியாமல் தூங்குகிறார், ஹாலில்தான் நான் யாரும் பார்க்காதபோது அழுகிறேன். இத்தனை வருடம் கழித்து என் வீட்டில் நான் தலை வாரிக்கொண்டு உட்கார வேண்டுமா? பெட்டியை மூடி பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பினால் உனக்கு வலிக்கும் என்பதால் அனுப்பவில்லை. அடுத்த தடவை வரும்போது நீயே எடுத்துக்கொண்டு போ.

வீட்டை விற்பதும் நடக்காது. நாளைக்கு இரண்டு பேரில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அப்போது பேசுவோம், நானே கூப்பிடுவேன், வீம்பு பிடிக்க மாட்டேன். இன்று என்னால் நடக்க முடிகிறது, சமைக்க முடிகிறது, சாயங்காலம் பார்க்கில் நம் ஊர்க்காரப் பெண்களோடு உட்கார்ந்து வம்பு பேச முடிகிறது. புனேயில் நான் யாரோடு பேசுவேன்? உன் மாமியாரோடு எத்தனை நாள்தான் மரியாதையாகவே பேசிக்கொண்டிருப்பது? உன் பயத்துக்கு என்னால் செய்ய முடிந்தது இதுதான். தினம் காலையில் குளித்து முடித்ததும் உனக்கு ஒரு போன் செய்கிறேன். போன் வரவில்லையென்றால் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடு, அவளிடம் நம் வீட்டுச் சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். அவள் கார்டு பையாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் இனி தடுக்க மாட்டேன். குளிக்கப் போகும்போது கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு புடவையை வைத்துக்கொள்வேன், அது போதும்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் பத்திரிகைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மெஷினை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முழுக்கக் கேட்டார். மணியார்டர் வந்த இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்தார். முடித்ததும், "தொட மாட்டேன்னு நான் சொல்லல. எனக்குத் தேவையில்லைன்னு சொன்னேன். அதைத் திருத்து" என்றார். அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, திருத்தவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "கதவை மாத்தறதும் அந்தக் காசுலதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப மொதல்ல அதைச் செய்யச் சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை மிஸ்திரி வருகிறார். வேலை முடியும்வரை எதிர் வீட்டில்தான் குளியல். அப்பா கொஞ்ச நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். உன்னிடம் போனில் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது அம்மாவுக்குக் கொடுத்தது என்று மட்டும் சொல், மேலே பேசாதே. உனக்கு நன்றி சொல்ல எனக்கு வரவில்லை, பெற்ற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த கைப்பிடியைப் பயமில்லாமல் பிடித்துக்கொண்டு குளிப்பேன். வெளியே வந்து உனக்குப் போன் செய்வேன். அப்புறம் என் சமையலறையில் நின்று எனக்குப் பிடித்த மாதிரி ஒரு காபி போட்டுக் குடிப்பேன். அதில் எவ்வளவு சர்க்கரை போடுகிறேன் என்று நீ பார்க்க வேண்டாம்.

உன் அம்மா